பாதரச விளக்கும் நம்முடைய இரவும்

நம் கதைகளில் இரவு வருகிறது, விளக்கு வருகிறது, விளக்கின் நிறம் மட்டும் வருவதில்லை. தெரு விளக்கு அழுது வழிந்தது என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டுப் பாத்திரத்தைத் தெருவில் இறக்கி நடக்க விட்டுவிடுகிறோம். என்ன விளக்கு அது? மண்ணெண்ணெயா, குண்டு பல்பா, குழல் விளக்கா, பாதரசமா, சோடியமா? இந்த ஐந்தின் கீழும் ஒரே மனிதனுக்கு ஐந்து முகங்கள். கொஞ்சம் நவீனமாக எழுத ஆசைப்படுகிறவர்கள் 'நியான் விளக்கு' என்று போட்டுவிடுகிறார்கள். நியான் என்பது ழார்ழ் க்ளோட் 1910ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஏற்றிக் காட்டியது. செம்மஞ்சளாக எரியும். கடைகளின் பெயர்ப்பலகைக்கு உரியது. நம் சாலைக் கம்பத்தின் உச்சியில் நீலமும் பச்சையும் கலந்து எரிந்துகொண்டிருந்தது நியான் அல்ல, பாதரசம். மரத்தின் பெயர் தெரியாமல் 'ஏதோ ஒரு மரம்' என்று எழுதுகிறவனை நாம் கேலி செய்கிறோம். விளக்கு விஷயத்தில் எல்லோருமே 'ஏதோ ஒரு விளக்கு' என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதை ஒரு சின்ன விஷயமாக என்னால் கருத முடியவில்லை. ஒரு தலைமுறை தன் காதலையும் கட்சிக்கூட்டத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் நடந்து தீர்த்தது. அதன் நிறம் என்னவென்று யாராவது ஒருவர் ஸ்தூலமாகக் குறித்து வைக்க வேண்டும்.

நான் பழைய பாதரச விளக்குகளைச் சேகரிக்கிறேன். இப்போது கையில் முப்பத்தொன்று இருக்கின்றன. பெரும்பாலானவை காயலான் கடைகளில் கிடைத்தவை. கடைக்காரருக்கு விளக்கில் அக்கறை கிடையாது. பித்தளைத் தொப்பிக்கும், பிட்டிங்கின் அலுமினியத்துக்கும், சோக்கில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்கும்தான் விலை. கண்ணாடியை உடைத்துப் போட்டுவிட்டுத் தொப்பியை மட்டும் எடை போடுவார்கள். உடைப்பதற்கு முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சேகரிப்பு என்பது அவ்வளவுதான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு லைன்மேன் எனக்கு ஏழெட்டு கொடுத்தார். "எதுக்கு சார் இதையெல்லாம் தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "மெர்க்குரி சாகாது சார், மங்கும். சோடியம்தான் வயசானா அணைஞ்சு அணைஞ்சு எரியும்." பாதரச விளக்கைப் பற்றி நான் படித்த பொறியியல் புத்தகம் எதிலும் இவ்வளவு சுருக்கமாக இந்த உண்மை சொல்லப்பட்டிருக்கவில்லை.

சரித்திரத்துக்கு வருகிறேன். பாதரச ஆவியில் மின்சாரத்தைச் செலுத்தினால் வெளிச்சம் வரும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்ததுதான். பெர்லினில் லியோ அரோன்ஸ் என்ற பௌதிகவாதி 1892ல் ஒரு பாதரச விளக்கு செய்தார். இந்த அரோன்ஸ் ஜெர்மானிய சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றுவதற்கென்றே பிரஷ்ய அரசு 1898ல் ஒரு சட்டம் போட்டது. சட்டத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: லெக்ஸ் அரோன்ஸ். 1900ல் வேலை போயிற்று. விளக்கின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை, சட்டத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் விளக்கை எழுதுவதில்லை. கல்வி என்பது நம்மிடம் மட்டுமல்ல, எங்குமே இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது.

விற்பனைக்கு வந்த முதல் பாதரச விளக்கு பீட்டர் கூப்பர் ஹெவிட்டுடையது. நியூயார்க் பணக்காரக் குடும்பம். அப்பா அந்நகரத்தின் மேயராக இருந்தவர். 1901ல் காப்புரிமை பெற்றார். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான கண்ணாடிக் குழாய், ஒரு முனையில் திரவப் பாதரசம். ஸ்விட்சைத் தட்டினால் எரிந்துவிடாது. குழாயைக் கையால் சாய்க்க வேண்டும். பாதரசம் ஓடிப்போய் மறுமுனையைத் தொட்டு, மறுபடி பிரியும் கணத்தில் வெளிச்சம் பிறக்கும். வெளிச்சம் ஏராளம், ஆனால் அதில் சிவப்பு என்பதே கிடையாது. அதன் கீழ் நின்றவர்களின் உதடு கறுத்தது, முகம் பிணம் போலாயிற்று. ஹெவிட்டுக்கே இது பொறுக்கவில்லை. ரோடமின் சாயம் தோய்த்த பிரதிபலிப்பான்களை விளக்குக்குப் பின்னால் வைத்து, பச்சையைக் கொஞ்சம் விழுங்கிச் சிவப்பாக உமிழச் செய்ய முயன்றிருக்கிறார். பிற்பாடு வந்த எல்லாப் பூச்சு விளக்குகளுக்கும் இந்த முயற்சிதான் மூதாதை.

வீட்டில் யாரும் அதை மாட்டிக்கொள்ளத் தயாராயில்லை. தொழிற்சாலைகள் வாங்கின. அச்சகங்கள் வாங்கின. பிறகு சினிமா வாங்கியது. நியூயார்க்கில் பயோகிராஃப் கம்பெனி 1903ல் பதினாலாம் தெருவில் அமைத்த ஸ்டூடியோ, சூரியனை நம்பாமல் முழுக்க இந்த விளக்குகளை நம்பியது. அந்தக் காலத்துப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நீலமும் பச்சையும்தான் பதியும். விளக்கிலும் சிவப்பு இல்லை. இரண்டு குருடுகளும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போயின. ஆதி சினிமாவின் அந்த வெளிறிய முகங்கள், அந்தக் கறுத்த உதடுகள் - இவற்றை நடிப்புப் பாணி என்றும் ஒப்பனை என்றும் பேசிவந்திருக்கிறோம். அதில் ஒரு பகுதி பாதரசத்தின் குணம்.

ஹெவிட்டின் விளக்கு குறைந்த அழுத்தத்தில் எரிவது. தெருவுக்கு வந்தது வேறு ஜாதி. ஜெர்மனியில் ஹானாவில் ரிச்சர்டு க்யூக் குவார்ட்ஸ் குழாயில் பாதரசத்தை அதிக அழுத்தத்தில் எரிக்க வழி கண்டார். அது இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் முதல் பத்து வருஷங்களில். ஆனால் சாலை விளக்கு என்று சொல்லத்தக்கது 1932ல்தான் வருகிறது. லண்டனுக்கு அருகில் வெம்ப்ளி, ஈஸ்ட் லேன் என்ற சாலை, ஜிஇசி கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலை வாசல். அங்கே 400 வாட் விளக்குகளைக் கம்பத்தில் ஏற்றினார்கள். ஒஸிரா என்று பெயர் வைத்தார்கள். அதே வருஷம் ஜூலையில் ஹாலந்தின் தென்கோடியில் பேக், கெலீன் என்ற ஊர்களுக்கு நடுவிலுள்ள சாலையில் பிலிப்ஸ் கம்பெனி சோடியம் விளக்கை ஏற்றியது. ஐரோப்பிய இரவு ஒரே வருஷத்தில் இரண்டாகப் பிரிந்தது: ஒரு பாதி பச்சை கலந்த நீலம், ஒரு பாதி கெட்டி மஞ்சள். தனிஸாகி நிழல்களின் அழகைப் பற்றித் தன் கட்டுரையை எழுதத் தொடங்கியது இதற்கு மறு வருஷம், 1933ல். அவர் புகார் சொன்னது பெரும்பாலும் குண்டு பல்பின் பெருக்கத்தைப் பற்றி. ஈஸ்ட் லேனில் நிறுத்தியிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ.

ஒஸிராவுடன் போட்டிக்கு மெர்க்ரா, ஸீரே, ஃபிலோரா என்று வரிசையாக வந்தன. பெயர்களில் வித்தியாசமிருந்ததே தவிர சரக்கு ஒன்றுதான். ஆங்கிலேயர் இவற்றுக்கு எழுத்துக் குறி வைத்திருந்தார்கள். எம்ஏ என்றால் உள்குழாய் கெட்டிக் கண்ணாடி. எம்பி என்றால் குவார்ட்ஸ். எம்பிஎஃப் என்றால் குவார்ட்ஸோடு வெளிக்குடுவையில் ஒளிரும் பூச்சு. எம்ஏ/வி என்பதில் உள்ள 'வி', விளக்கைச் செங்குத்தாகத்தான் மாட்ட வேண்டும் என்ற எச்சரிக்கை. படுக்கவைத்தால் உள்ளே எரியும் சுடர் வில்லாக வளைந்து மேல்கண்ணாடியைச் சுட்டுவிடும். வளையாமலிருக்க ஒரு காந்தத்தை மேலே வைத்துச் சுடரைக் கீழே தள்ளிய பிட்டிங்குகளும் இருந்தன. 1939 செப்டம்பரில் இங்கிலாந்தின் எல்லாத் தெருக்களும் யுத்தத்துக்காக இருண்டன. ஏழு வருஷம் முன்பு தொடங்கிய நிறச் சண்டை நடுவழியில் நின்றது.

யுத்தத்துக்குப் பின்னான கதை பூச்சின் கதை. பாதரசச் சுடரின் நிறமாலையில் ஐந்தே கோடுகள் கண்ணுக்குத் தெரியும்: 405ல் ஊதா, 436ல் நீலம், 546ல் பச்சை, 577லும் 579லும் ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் இரட்டை. எல்லாம் நானோமீட்டரில். அதற்கப்பால் சிவப்பு இருக்க வேண்டிய இடம் இருட்டு. கண்ணுக்குத் தெரியாத புறஊதா மட்டும் நிறைய வீணாகிறது. அந்த வீணைச் சிவப்பாக மாற்றுவதே பூச்சின் வேலை. கஷ்டம் என்னவென்றால், வெளிக்குடுவை கொதிக்கும். குழல் விளக்கின் பூச்சுகள் அந்தச் சூட்டில் செத்துவிடும். முப்பதுகளின் கடைசியில் காட்மியம், துத்தநாக சல்ஃபைடுகளைப் பூசி, சூடு சீராகப் பரவும்படி குடுவையையே பருக்க வைத்தார்கள். ஐம்பதுகளில் மெக்னீஷியம் ஃப்ளூரோஜெர்மனேட் என்ற சரக்கு வந்தது. அது சூட்டைத் தாங்கும். அது தரும் சிவப்பு ஆழமானது, திராட்சை ரசத்தின் அடி நிறம். பிறகு 1964ல் கலர் டெலிவிஷனுக்காக யூரோப்பியம் கலந்த இட்ரியம் வனடேட் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கக் கூடங்களில் பெட்டிக்குள் சிவப்பு ரோஜா காட்டுவதற்காகச் செய்யப்பட்ட பொடி, நம் தெருக் கம்பம் வரை வந்து சேர்ந்தது. இது 619 பக்கத்தில் எரிகிற ஆரஞ்சுச் சிவப்பு. ஆகவே பூச்சு விளக்கு என்று பொதுவாகச் சொல்வது போதாது; இரண்டு சிவப்புகள் உண்டு. ஒரு பழைய குறுந்தகட்டின் துண்டில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் எது எந்தத் தலைமுறை விளக்கு என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். தொப்பியில் எழுத்து அழிந்துபோன விளக்குகளை நான் இப்படித்தான் அடையாளம் காண்கிறேன்.

நிறத்தை ஒப்பிடுவது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பார்ப்பது பிரயோஜனமில்லை. ஐந்து நிமிஷத்தில் கண் பழகிவிடும், காகிதம் வெள்ளையாகிவிடும். பூச்சில்லாத விளக்குக்கு நிற வெப்பநிலை 5700 கெல்வின் சுமார், பூச்சுள்ளதற்கு 4000 சுமார் என்று பட்டியல் சொல்லும். அதுவும் போதாது. மேகமூட்டமான பகலுக்கும் ஏறக்குறைய அதே எண்ணைச் சொல்லலாம், இரண்டும் ஒன்றா? நிறம் விளக்கில் இல்லை, பொருளின் மேல் விழுந்த பிறகுதான் பிறக்கிறது. எனவே நான் ஒரு தட்டில் சில பொருள்களை வைத்துக்கொண்டிருக்கிறேன்: குங்குமம், மஞ்சள்தூள், ஒரு செங்கல் துண்டு, வெற்றிலை, என்னுடைய இடது கை.

பூச்சில்லாத விளக்கின் கீழ் குங்குமம் காய்ந்த ரத்தத்தைவிடக் கறுப்பு. மஞ்சள்தூள் மஞ்சளாகவே இருக்கும், ஆனால் எலுமிச்சையின் பச்சைச் சாயல் ஏறிவிடும். வெற்றிலை நன்றாக இருக்கும், பகலைவிட நன்றாகவே. செங்கல் மண்ணாகிவிடும். கையில் நரம்புகள் எழும்பி நிற்கும். வயது பத்து கூடும். ஃப்ளூரோஜெர்மனேட் பூச்சின் கீழ் குங்குமம் உயிர்பெறப் பார்க்கிறது, ஆனால் எட்டாத ஆழத்திலிருந்து. வனடேட்டின் கீழ் அது சிவப்பேதான், செங்கலுக்குக்கூட முகம் வந்துவிடுகிறது. கோயில் வாசலில் நின்ற பெண்களின் நெற்றி கறுப்பாகத் தெரிந்த வருஷங்களும், அது மறுபடி சிவந்த வருஷங்களும் நம் ஊர்களில் இருந்திருக்கின்றன. எந்த நாவலிலும் இது பதிவாகவில்லை என்றுதான் நினைக்கிறேன். பதிவாகியிருந்தால் அந்த ஆசிரியரை நான் வணங்கத் தயார்.

இன்னொன்று. விளக்கு எரியத் தொடங்கும் விதத்தைப் பார்க்காமல் அதன் நிறத்தைப் பேசக்கூடாது. முதலில் உள்ளே இருக்கும் ஆர்கான்தான் பற்றுகிறது; மங்கலான ஊதா. பூச்சுள்ள விளக்கானால் இந்தக் கட்டத்தில் ரோஜாச் சாயல் தெரியும். உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்த பாதரசம் ஆவியாக ஆக, சுடர் குறுகி நடுவில் ஒரு கோடாகத் திரண்டு, நீலம் வெளுத்து, பச்சை ஏறி, ஐந்தாறு நிமிஷத்தில் முழு வெளிச்சம். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் உடனே எரியாது. ஆறிக் குளிர்ந்து அழுத்தம் இறங்க வேண்டும், அதற்கும் ஐந்து நிமிஷம் ஆகும். மின்தடை அடிக்கடி வரும் ஒரு தேசத்தின் இரவு இந்த ஐந்து நிமிஷங்களால் ஆனது. வீடுகளில் விளக்கு வந்துவிடும், தெரு இன்னும் இருட்டாகவே நிற்கும். திண்ணையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளாமல் அந்த இருட்டிலேயே தொடர்வார்கள். இப்போதைய விளக்குகள் சொடுக்கியதும் எரிந்துவிடுகின்றன.

இங்கே ஒரு ஆட்சேபத்தைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. ஒரு கவிஞர், நண்பர், சொன்னார்: "எனக்கு ஞாபகமிருக்கிற நீலம் உங்கள் எந்த விளக்கிலும் இல்லை. ஞாபகம்தான் நிஜம், உங்கள் பல்பு வெறும் சாட்சிப் பொருள்." பாதி சரி. அவர் சொல்லும் நீலத்தை நானும் அறைக்குள் தனியாக ஏற்றிய விளக்கில் பார்க்கவில்லை. ஆனால் காரணம் ஞாபகத்தின் மாயம் அல்ல. தெருவில் அந்த விளக்கு தனியாக இருந்ததில்லை. கம்பத்தின் கீழே ஒரு பெட்டிக்கடை. அதில் நாற்பது வாட் குண்டு பல்பு, சிவந்த மஞ்சளாக. எதிரே டீக்கடை அடுப்பு. சன்னல்களில் மஞ்சள். இந்த மஞ்சள்களுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டதால்தான் பாதரசம் நீலமாயிற்று. இதை அறையிலேயே செய்து பார்த்துவிடலாம். 125 வாட் பூச்சு விளக்குக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை ஏற்றியதும் சுவர் நீலமாகிறது, அணைத்ததும் வெளுக்கிறது. கவிஞரை உட்காரவைத்து ஏற்றிக் காட்டினேன். கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்படியானால் நீங்கள் பெட்டிக்கடையையும் சேகரிக்க வேண்டும்" என்றார். அது நல்ல பதில்.

இதோடு சேர்ந்த மற்றொரு காரணம் கண்ணின் பௌதிகம். போஹீமியாவைச் சேர்ந்த புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கவனித்தது: வெளிச்சம் குறையக் குறைய, கண் சிவப்பை முதலில் இழக்கிறது, நீலப்பச்சை தங்கி நிற்கிறது. கம்பத்தின் நேர் கீழே தெரியாத நீலம், இரண்டு கம்பங்களுக்கு நடுவே, வெளிச்சம் தேயும் இடத்தில் தெரியும். நாம் நடந்தது பெரும்பாலும் அந்த நடுவில்தான்.

புகைப்படத்தை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய கலர்ப் படங்களில் பாதரச வெளிச்சம் பாசி பிடித்த குளம் போலப் பச்சையாக விழுந்திருக்கும். கண் பழகிக்கொள்கிறது, பிலிம் பழகிக்கொள்வதில்லை. அதன் பச்சை அடுக்கை 546ன் ஒற்றைக்கோடு நேராகத் தாக்கிவிடுகிறது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அக்காலத்து இரவு பச்சை என்று ஒருவர் எழுதினால் அது பொய்ச்சாட்சி. ஞாபகம் நீலம் என்கிறது, படம் பச்சை என்கிறது. இரண்டுக்கும் நடுவே விளக்கு ஒன்றுதான் விசாரணைக்கு நிற்கத் தகுதியுள்ள சாட்சி. அதுவும் கலப்பற்ற சாட்சி அல்ல. முப்பது வருஷம் எரிந்த விளக்கு தன் இளமையின் நிறத்தைக் காட்டாது. மின்முனைகளில் தடவிய பொருள் சிதறி உள்குழாயின் ஓரங்களைக் கறுக்க வைக்கும். குவார்ட்ஸ் மங்கும். பூச்சு தளரும், தளரத் தளரச் சிவப்பு வடிந்து பச்சை மேலெழும். ஒரு தெருவில் பத்துக் கம்பம் இருந்தால் பத்தும் பத்து வயது. போன மாதம் மாற்றியது ரோஜா வெள்ளை. அடுத்தது சாதா வெள்ளை. மூலையில் இருப்பது, யாரும் ஏணி வைத்து ஏறாதது, பாசிப்பச்சை. இந்த வரிசைதான் என் காலத்துத் தெரு. ஆகவே புது விளக்கு ஒன்று அட்டைப்பெட்டியோடு கிடைத்தால் மற்றச் சேகரிப்பாளர்களைப் போல நான் துள்ளுவதில்லை. நன்றாக எரிந்து தேய்ந்த விளக்கும் எனக்கு வேண்டும். மழைக்கு முன்னால் ஈசல்கள் இந்த விளக்கை மொய்த்ததும், இங்கிலாந்தில் 1950லிருந்து விட்டில்பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் இதே விளக்கைப் பொறியில் வைத்ததும் அதன் புறஊதாவினால். நிறத்தின் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது, தெருவின் கணக்கில் சேர்க்கலாம்.

பாதரசம் என்றதும் நம்மவர்கள் சித்தர்களிடம் போய்விடுவார்கள்; ரசம் கட்டுவது, ரசமணி, தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்குவது. எனக்கு அந்தப் பக்கம் ருசி இல்லை. ஆனால் ஒரு தகவலைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இயற்கையில் கிடைக்கும் பாதரசம் பல ஐசோடோப்புகளின் கலவை. அதனால் அதன் பச்சைக்கோடு உற்றுப் பார்த்தால் ஒற்றைக்கோடு அல்ல, மெல்லிய நார்களின் கற்றை. அளவுகோலாகப் பயன்படும்படி சுத்தமான ஒரு பச்சை வேண்டுமென்றால் ஒரே ஐசோடோப்பு வேண்டும். 1940ல் பெர்க்லியில் வீன்ஸும் ஆல்வாரெஸும் தங்கத்தின் மேல் நியூட்ரான்களைச் செலுத்திப் பாதரசம்-198ஐச் செய்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க அளவைக் கழகத்தில் மெகர்ஸ் அந்தப் பாதரசத்தைக் கொண்டு விளக்குகள் செய்தார். ஆயிரம் வருஷம் மனிதர்கள் பாதரசத்தைத் தங்கமாக்க அலைந்தார்கள். கடைசியில் நடந்தது தங்கத்தைப் பாதரசமாக்கியது, அதுவும் ஒரு பச்சை நிறத்துக்காக. நம் கவிஞர்கள் படிமம் படிமம் என்று தேடுவது பற்றி எனக்கு அலுப்புண்டு. இந்த மாதிரிப் படிமங்கள் பௌதிகப் புத்தகங்களில் யாரும் தொடாமல் கிடக்கின்றன.

இனி, விஷம். ஒரு விளக்கில் இருப்பது சில பத்து மில்லிகிராம் பாதரசம். உலகத்தின் பாதரசத்தில் பெரும்பங்கு ஸ்பெயினின் அல்மாதேன், ஸ்லோவேனியாவின் இத்ரியா என்ற இரண்டு சுரங்கங்களிலிருந்து நூற்றாண்டுகளாக வந்தது. அல்மாதேனில் கைதிகளை இறக்கி வேலை வாங்கினார்கள். 1593ல் அரசாங்கம் அங்கே விசாரணைக்கு அனுப்பிய அதிகாரியின் பெயர் மாத்தேயோ அலெமான். கைதிகளின் வாய்மொழியை வாங்கி அறிக்கை எழுதியவர். ஆறு வருஷம் கழித்து, 1599ல், அதே மனிதர் 'குஸ்மான் தெ அல்ஃபராச்சே' நாவலின் முதல் பாகத்தை வெளியிட்டார். கைதியாகிக் கப்பலில் துடுப்புத் தள்ளும் ஒருவன் தன் கதையைத் தானே சொல்லும் நாவல். ஐரோப்பிய நாவலின் தொடக்கங்களில் ஒன்று பாதரசச் சுரங்கத்தின் வாசலிலிருந்து வந்திருக்கிறது. யுனெஸ்கோ இந்த இரண்டு சுரங்க ஊர்களையும் 2012ல் பாரம்பரியச் சின்னங்களாக்கியது. சாவு நின்ற பிறகு எல்லாம் பாரம்பரியமாகிவிடும்.

நமக்கும் இதில் பங்குண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்த வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு காயலான் கடையில் குவிந்து கிடந்தது தெரியவந்து, 2001ல் மூடப்பட்டது. அந்தச் செய்திக்குப் பிறகு காயலான் கடைகளில் விளக்கு உடைக்கும் இடத்தில் என்னால் முன்போல நிற்க முடிவதில்லை. உடைக்கிறவர்கள் கையுறை போடுவதில்லை. பையன்கள். சொன்னால் சிரிக்கிறார்கள், "எவ்வளவு வருஷமா உடைக்கிறோம் சார்" என்கிறார்கள். முழு விளக்காகக் கொடுத்தால் தொப்பியின் விலைக்கு இரண்டு மடங்கு தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இதனால் ஐந்தாறு விளக்குகள் உடையாமல் தப்பியிருக்கலாம். மற்றவற்றைப் பற்றி எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆகையால் இந்த விளக்குகள் ஒழிந்ததற்கு நான் அழப்போவதில்லை. அமெரிக்கா இவற்றுக்கான சோக் தயாரிப்பையும் இறக்குமதியையும் 2008 தொடக்கத்தோடு நிறுத்தியது. ஐரோப்பா 2015ல் விளக்கையே சந்தையிலிருந்து எடுத்தது. பாதரசத்தைப் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2013ல் கையெழுத்தாகி, அந்த நோயின் ஊரான மினமாட்டாவின் பெயரையே சூடிக்கொண்டது. சாதாரண வெளிச்சத்துக்கான உயரழுத்தப் பாதரச விளக்குகளின் உற்பத்திக்கும் வணிகத்துக்கும் 2020ஐ அது கெடுவாக வைத்தது. அவகாசம் கேட்கும் நாடுகளுக்கு அதற்கும் வழி விட்டது. இந்தியா 2018ல் அதை ஏற்றது. தெருக்களுக்கு எல்இடி கொண்டுவரும் மத்திய அரசின் திட்டம் 2015 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. பாதரசத்துக்கும் எல்இடிக்கும் நடுவே சோடியத்தின் ஆரஞ்சு ஒரு இருபது முப்பது வருஷம் நம் சாலைகளை ஆண்டது. அதைப் பற்றி வேறொருவர் எழுதலாம். எனக்கு அந்த நிறத்தின் மேல் பிரியம் கிடையாது.

என் பிரச்சனை வேறு. நீதியான காரணத்துக்காக ஒரு பொருள் ஒழியும்போது அதன் அனுபவத்துக்குச் சாட்சி சொல்வது அவமானம் போலாகிவிடுகிறது. சொல்கிறவனைப் பழமைவாதி என்கிறார்கள், அல்லது நினைவேக்கக்காரன் என்கிறார்கள். நினைவேக்கம் விளக்கை அழகாக்கிப் பார்க்கும். குங்குமத்தைக் கறுப்பாக்கிய, முகத்தைப் பிணமாக்கிய விளக்கை நான் அழகென்று சொல்லவில்லை. அது எப்படியிருந்ததோ அப்படிச் சொல்லப்பட வேண்டும் என்கிறேன். இதற்குத் தடை விளக்கிலேயே இருக்கிறது. எரித்தால்தான் நிறம் தெரியும், எரித்தால் தேயும். அதிலும் தேய்மானம் அதிகம் நேர்வது எரியும் நேரத்தில் அல்ல, பற்றும் கணத்தில். புத்தகத்தைப் படித்தால் அது குறைவதில்லை. விளக்கை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கொஞ்சம் செலவாகிறது. இப்போது புதிதாகச் செய்வாரும் அரிது. லண்டனில் வேலை பார்த்த ஒருவர் வெகு காலம் முன்பு கொண்டுவந்து கொடுத்த 400 வாட் எம்ஏ/வி ஒன்று என்னிடம் இருக்கிறது, முக்கால் முழ நீளம். வெம்ப்ளியில் எரிந்த ஜாதி. அதை நான் இரண்டே முறை ஏற்றியிருக்கிறேன். பூச்சில்லாத குவார்ட்ஸ் விளக்கைவிடப் பச்சை அதிகம். கோடுகளுக்கு நடுவே இருட்டு சுத்தமாக இருக்கிறது. மூன்றாம் முறை ஏற்றுவதானால் பார்ப்பதற்கு நாலைந்து பேராவது வேண்டும். வருகிறவர்கள் எழுதக்கூடியவர்களாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே என் நிபந்தனை. வெளிக்குடுவை உடைந்த விளக்கை மட்டும் யார் கேட்டாலும் ஏற்றுவதில்லை. உள்குழாய் அப்போதும் எரியும், ஆனால் கண் போய்விடும்.

மற்றவற்றுக்குப் பதிவேடு வைத்திருக்கிறேன். ஒன்றை மாதிரிக்குத் தருகிறேன். எண் 27. 125 வாட், பூச்சுள்ளது, தொப்பியில் எழுத்தில்லை, உள்குழாய் ஒரு முனையில் கறுப்பு. குறுந்தகட்டில் பார்க்க ஆரஞ்சுச் சிவப்பு, ஆகவே வனடேட். பற்றியதும் ரோஜா, இரண்டாம் நிமிஷம் நீலம், ஆறாம் நிமிஷம் நிலைகொண்டது. குங்குமம் சிவப்பு, ஆனால் துணியால் மூடினாற்போல. மஞ்சள்தூள் சரி. வெற்றிலை பகல் போல. குண்டு பல்பு பக்கத்தில் எரிய, சுவர் துத்தம் கரைத்த நீரின் நிறம். குண்டு பல்பை அணைக்க, சுண்ணாம்பு. எரிந்த நேரம் இருபத்திரண்டு நிமிஷம். எண் 28, 80 வாட், மூன்று முள் தொப்பி. அதற்குப் பொருந்தும் ஹோல்டர் இன்னும் கிடைக்கவில்லை.